கல்லில் தெரிந்த மச்சம்

மதுரைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. தாழம்பூக் குங்குமம் ஒரு பொட்டலம், சுங்கடிச் சேலை ஒன்றோ இரண்டோ, ரயில் ஏறும் சமயத்தில் அவசரமாக வாங்கிய மல்லிகைப்பூ நாலு முழம் - இவ்வளவும் இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்தால், "நிஜமாகவே மதுரைக்குத்தான் போனாயா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் சந்தேகப்படுவாள். இந்தக் காலத்தில் இவற்றோடு இன்னொரு சரக்கும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கனமே இல்லை. கூலியும் கொடுக்க வேண்டாம். அதுதான் போட்டோ!

நானும், என் நாத்தனாரும், காலேஜில் படிக்கும் அவருடைய பெண்ணுமாக மதுரைக்குப் போய் இரண்டு நாள் தங்கினோம். அந்த இரண்டு நாளில் அந்தப் பெண் செல்போனில் எடுத்த படங்கள் 400-க்கு மேல் இருக்கும். எடுத்த படங்கள் சும்மா தூங்கவும் இல்லை. நாங்கள் இட்லி சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள், இட்லியின் படம் அமெரிக்காவிலுள்ள அவள் சிநேகிதிக்குப் போய்ச் சேர்ந்து, "சட்னி எத்தனை தினுசு?" என்று பதிலும் வந்துவிட்டது.

இட்லியின் படத்தை யார் பார்த்தால் என்ன? அதற்கு மாமியார் வீடு கிடையாது. மனிதர்களின் படம் அப்படியா? ஒரு படம் எடுத்தவருக்குச் சொந்தமா, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குச் சொந்தமா, அதிலே முகம் காட்டி நிற்பவருக்குச் சொந்தமா? இது ஏதோ இன்டர்நெட் வந்த பிறகு முளைத்த கேள்வி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மதுரையிலோ இந்தக் கேள்வி கல்லிலேயே இருக்கிறது.

மாட்டுவண்டியில் வந்த காமிரா

முதலில் காமிரா மதுரைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 1858-ம் வருஷத் தொடக்கத்தில் காப்டன் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் மதுரைக்கு வந்தார். கம்பெனிப் பட்டாளத்து உத்தியோகஸ்தர். சென்னை ராஜதானி சர்க்கார் தனக்கென்று நியமித்துக்கொண்ட போட்டோகிராபர். அவருடைய காமிராவைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள முடியாது. காமிரா, முக்காலி, மருந்துப் புட்டிகள், காகிதக் கட்டுகள் எல்லாம் மாட்டுவண்டிகளில் வந்து இறங்கின. மெழுகு பூசிய காகிதத்தில் நெகடிவ் எடுப்பார். ஒவ்வொன்றும் சுமார் 15 அங்குல அகலம்.

கோபுரங்கள், புதுமண்டபம், தெப்பக்குளம், அப்போது இடிந்தும் சிதைந்தும் கிடந்த திருமலை நாயக்கர் மகால் எல்லாவற்றையும் அவர் படம் பிடித்தார். கோயில் நகைகளைக்கூட வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார். அந்தப் படங்கள் அதே வருஷம் சென்னையில் புத்தகங்களாக வெளிவந்தன. பின்னால் கவர்னராக வந்த டிரெவெல்யன் துரைக்கு இதெல்லாம் வீண் செலவு என்று தோன்றிவிட்டது. சர்க்கார் போட்டோ இலாகா மூடப்பட்டது. நல்ல வேளை, படங்கள் தப்பிப் பிழைத்தன. நேப்பியர் பிரபு கவர்னராக இருந்த 1866 - 1872 காலத்தில்தான் மகாலைப் பழுது பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்று இன்று நாம் தெரிந்துகொள்வது டிரைப்பின் புண்ணியத்தில்தான்.

அந்தப் படங்களை இன்று வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம். லண்டன், நியூயார்க் மியூசியங்கள் தங்கள் வலைப்பக்கங்களில் போட்டு வைத்திருக்கின்றன. டிரைப் காலமானது 1902-ல். நம் நாட்டுச் சட்டப்படி போட்டோவின் பதிப்புரிமை எடுத்தவரின் ஆயுட்காலமும் அதற்கு மேல் 60 வருஷமும்தான். ஆகவே அவர் படங்களை நாம் தாராளமாக அனுபவிக்கலாம்.

அவற்றைப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் கண்ணில் படும். ஊரே காலியாக இருக்கும்! தெப்பக்குளத்துப் படிகளில் துவைக்கிறவர்கள் இல்லை, கோபுர வாசலில் பூக்காரி இல்லை. ஜனங்கள் எங்கே போனார்கள்? எங்கும் போகவில்லை. அந்தக் காமிராவுக்கு ஒரு காட்சியைப் பிடிக்க வெகு நேரம் வேண்டும். அதற்குள் நடந்தவர்கள், திரும்பியவர்கள், தலையைச் சொறிந்தவர்கள் எல்லோரும் புகையாய்க் கரைந்து போவார்கள். கல் மட்டும்தான் அசையாமல் நின்று படத்தில் விழும். அந்தக் காலத்து மதுரைப் பெண்கள் போட்டோவிலிருந்து தப்பித்துக்கொள்ளச் சற்று அசைந்தாலே போதுமாயிருந்தது.

ராணியை யார் கேட்டார்கள்?

மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கிறது புதுமண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், வசந்த உற்சவத்துக்காகக் கட்டியது. வெகு காலம் இந்த மண்டபம் தையற்காரர்களும் வளையல் கடைக்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களுமாக ஜே ஜே என்று இருந்தது. இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். தையல் மெஷின்களின் சத்தம் ஓய்ந்த பிறகு, தூண்களிலுள்ள நாயக்க மன்னர்களும் அவர்களுடைய ராணிகளும் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

மண்டபத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான் என் நாத்தனார் அந்தக் கதையை ஆரம்பித்தார். மதுரைக்காரர்களுக்கு மனப்பாடமான கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன்.

திருமலை நாயக்கர் தம்முடைய உருவத்தையும் ராணிகளின் உருவங்களையும் தூணிலே செதுக்கச் சொன்னாராம். பட்டத்து ராணியின் சிலையைச் சிற்பி செதுக்கிக்கொண்டிருந்தபோது, தொடையிலே ஒரு சில்லுத் தெறித்துப் பள்ளம் விழுந்துவிட்டது. சிற்பி பதறிப்போனான். வேறு கல்லை எடுத்துச் செய்தாலும் அதே இடத்தில் அதே சில்லு! அப்போது அங்கே வந்தார் மந்திரி நீலகண்ட தீட்சிதர். பெரிய மகான், பெரிய கவி. "விட்டுவிடப்பா, அங்கே அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றார். சாமுத்திரிகா லட்சணப்படி அந்த ராணிக்கு அந்த இடத்தில் மச்சம் இருக்கும் என்பது அவருக்கு ஞானத்தில் தெரிந்ததாம்.

ராஜா வந்தார். சிலையைப் பார்த்தார். சிற்பி நடந்ததைச் சொன்னான். "என் ராணியின் தொடையில் மச்சம் இருப்பது இந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்?" என்று ராஜாவின் மனத்தில் விஷம் ஏறிற்று. தீட்சிதரின் கண்களைப் பறிக்க ஆள் அனுப்பினார். பூஜையில் இருந்த தீட்சிதர் விஷயத்தை உணர்ந்து, அம்மனுக்குக் காட்டிய கற்பூரத்தாலேயே தம் கண்களைப் பொசுக்கிக்கொண்டார். ராஜா அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்து மன்னிப்புக் கேட்டார். தீட்சிதர் 'ஆனந்த ஸாகர ஸ்தவம்' பாடி, அம்மன் அருளால் மறுபடி பார்வை பெற்றார்.

இது கர்ணபரம்பரைக் கதை. நடந்ததா என்று சரித்திரக்காரர்களைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். என் நாத்தனார் கதையை முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்ணோ செல்போனைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"எல்லாம் சரி அம்மா. ராணி என்ன சொன்னாள்?"

"ராணி எங்கேடி வந்தாள் இதில்?"

"சிலை அவளுடையது, மச்சம் அவளுடையது. சில்லை அப்படியே விடலாமா, கூடாதா என்று சிற்பி யோசித்தான், மந்திரி யோசித்தார், ராஜா யோசித்தார். 'அம்மா, இதை ஊர் பார்க்கும்படி வைக்கலாமா?' என்று அவளை ஒரு வார்த்தை யாராவது கேட்டார்களா?"

என் நாத்தனார் வாயடைத்து நின்றார். எனக்கும் சுருக்கென்றது. முன்னூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு வருகிறோம். சிற்பிக்குக் கைத்திறமை என்ற பேர், மந்திரிக்கு மகான் என்ற பேர், ராஜாவுக்குப் பச்சாத்தாபப்பட்டவர் என்ற பேர். அந்தப் பெண்பிள்ளைக்குக் கிடைத்தது, போகிறவர் வருகிறவரெல்லாம் அவளுடைய மச்சத்தைப் பற்றிப் பேசுவது ஒன்றுதான். நாங்கள் கேட்ட கதையில் அவள் பெயர்கூட இல்லை!

செல்போனுக்கு வெளியே காவல்

கோயிலுக்குள் போகுமுன் செல்போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு கிழக்கு வாசல் பக்கம் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததல்லவா? அதன் பிறகு ஹைகோர்ட்டு மதுரைக் கிளையின் உத்தரவுப்படி இங்கே செல்போனுக்குத் தடை வந்தது. 2022 டிசம்பரில், திருச்செந்தூர்க் கோயில் சம்பந்தமான ஒரு வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தடையை விரிக்கும்படி அதே கிளை உத்தரவிட்டது.

செல்போனைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கியபோது எங்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கைக்குழந்தையைப் பிரிந்த தாய் தோற்றாள். ஆனால் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு சமாசாரம் கண்டுபிடித்தாள். "அத்தை, கவனித்தீர்களா? இங்கே ஒருவரும் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளவில்லை!" வாஸ்தவம். எங்கிருந்து எந்தக் காமிரா நம்மை விழுங்குகிறதோ என்ற நினைப்பே இல்லாமல் பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஈரக் கூந்தலை உதறி முடிந்தாள். இன்னொருத்தி மடியில் குழந்தையைப் போட்டுத் தட்டித் தூங்க வைத்தாள். தடை வந்த காரணம் பத்திரம் சம்பந்தப்பட்டது. கிடைத்த உபரி லாபம் இது.

தெப்பக்குளத்துக் கல்யாண ஜோடி

சாயங்காலம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனோம். தண்ணீர் நிறைந்து, நடுவிலுள்ள மைய மண்டபத்தின் நிழல் அதிலே நடுங்கிக்கொண்டிருந்தது. டிரைப் படமெடுத்த அதே மண்டபம்தான். இப்போது சுற்றிலும் கடலையும் சுண்டலும் காற்று வாங்க வந்த ஜனங்களும்.

படிக்கட்டில் ஒரு ஜோடி. இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம்; ஆனால் கல்யாண போட்டோ ஆகிக்கொண்டிருந்தது! போட்டோகிராபர் ஒருவர், குடை பிடிக்க ஒரு பையன், முகத்தைத் துடைத்துவிட ஓர் அம்மாள். "இன்னும் கொஞ்சம் சிரிங்க மேடம்" என்று அவர் கெஞ்ச, மேடம் சிரிக்க, மாப்பிள்ளை வியர்வையில் நனைய, ஒரே அமர்க்களம்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் ஞாபகம் வந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஒரு நாள் அவளுடைய மாமனார் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார். எதிரே ஓர் அழகு நிலையத்தின் விளம்பரப் பலகை. அதிலே கல்யாணக் கோலத்தில், நெற்றிச்சுட்டியும் மூக்குத்தியுமாகச் சிரிக்கிறாள் அவர் மருமகள்! பக்கத்திலே மாப்பிள்ளையைக் காணோம். அவரை நறுக்கி எறிந்துவிட்டார்கள். வீட்டிலே புயல். "யாரைக் கேட்டு விளம்பரத்துக்குப் போஸ் கொடுத்தாய்?" என்று அவளைத்தான் கேட்டார்கள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. விசாரித்ததில், கல்யாணத்தில் படமெடுத்த ஸ்டூடியோக்காரர் தம்முடைய தொழில் நயத்தைக் காட்டுவதற்காக அந்தப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தார். அழகு நிலையத்தார் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கெல்லாம் அது ஒரு படம். அந்தப் பெண்ணுக்கோ ஒரு மாதம் சாப்பாடு இறங்கவில்லை.

வக்கீல் வீட்டுச் சாப்பாடு

அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு என் சித்தப்பா மகன் வீட்டில். அவன் வக்கீல். யானைமலை அடிவாரத்தில் 2004-ல் தொடங்கிய ஹைகோர்ட்டுக் கிளைக்குத் தினமும் போய் வருகிறான். சாம்பார் பரிமாறுவதற்குள் என் நாத்தனார் அந்தக் கல்யாணப் படத்தின் வழக்கை அவனிடம் தாக்கல் செய்துவிட்டார்.

"அக்கா, இதிலே இரண்டு உரிமை இருக்கிறது. இரண்டையும் ஜனங்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்" என்று ஆரம்பித்தான் அவன். "ஒன்று, படத்தின் உரிமை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு போட்டோ எடுத்தவருக்கே சொந்தம். இன்டர்நெட்டிலே கிடைத்தது என்பதற்காக அது அனாதைச் சொத்து ஆகிவிடாது. ஆனால் நாம் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோ என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில், அது நமக்குச் சொந்தம். கல்யாணப் படம் கல்யாண வீட்டுக்குத்தான்!"

"அப்படியானால் ஸ்டூடியோக்காரர் செய்தது தப்புத்தானே?"

"ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில், 'படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம்' என்று போட்டிருந்து, நம்மவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால்? அதுதான் 'வேறு ஒப்பந்தம்'. அட்வான்ஸ் கொடுக்கும்போதே, 'எங்களைக் கேட்காமல் எங்கும் போடக் கூடாது' என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். புடைவைக் கடையில் அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். இதற்கு அரை நிமிஷம் போதும்."

"கோபுரத்தை நான் படமெடுத்தேனே, அதற்கு யாரைக் கேட்க வேண்டும் மாமா?" என்றாள் பெண்.

"பதிப்புரிமைக்குப் பயந்து யாரையும் கேட்க வேண்டாம். கட்டடத்தைப் படமெடுத்து வெளியிடலாம் என்று சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் திருவிழாவிலே கரகாட்டம் ஆடுகிறவரை வீடியோ எடுத்து வியாபாரம் பண்ணக் கிளம்பினால் கதை வேறு. நிகழ்த்துகிறவருக்கும் உரிமை உண்டு. கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை அந்தச் சட்டத்திலே பேர் சொல்லி எழுதியிருக்கிறது!"

"இரண்டாவது உரிமை?" என்று நினைவூட்டினேன் நான்.

"அது படத்திலே இருக்கிறவருடைய உரிமை. 'என்னை என் பாட்டில் விடு' என்று சொல்லும் உரிமை. 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தெளிவாகச் சொன்னதே நம் தமிழ்ப் பத்திரிகை 'நக்கீரன்' சம்பந்தப்பட்ட வழக்கில்தான். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து, அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். இந்த இரண்டு உரிமையும் வேறு வேறு. ஒன்றைக் கொடுத்ததால் மற்றது கொடுத்ததாகாது."

இதற்கு அவன் ஒரு வெளிநாட்டுக் கதை சொன்னான். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, மாதா கோயில் சிநேகிதர்களுடன் சேர்ந்து தர்மத்துக்காகக் கார் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்த ஒருவர் அவளைப் படமெடுத்து, 'பிளிக்கர்' என்ற படப் பகிர்வுத் தளத்தில் போட்டார். நல்ல மனதோடு, 'என் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்ற பொது உரிமத்தையும் கொடுத்துவிட்டார். 2007-ல் பார்த்தால், பூமிக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரேலியாவிலே, அடிலெய்டு நகரத்து பஸ் ஸ்டாப்பில், வர்ஜின் மொபைல் என்ற டெலிபோன் கம்பெனியின் விளம்பரத்தில் அவள் முகம்! பேனா நண்பியை உதறித் தள்ளு என்கிற மாதிரி ஒரு கேலி வாசகம் வேறு. குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். ஆஸ்திரேலியக் கம்பெனியை டெக்ஸாஸில் விசாரிக்க அதிகாரமில்லை என்று வழக்கு தள்ளுபடியாகிவிட்டது.

"எடுத்தவர் தம்முடைய உரிமையைத்தான் தர்மம் செய்தார். அந்தப் பெண்ணுடைய முகத்தைத் தர்மம் செய்ய அவருக்கு ஏது உரிமை?" என்றான் தம்பி.

என் நாத்தனார் கையை உதறினார். "இவ்வளவு வம்பு எதற்கு? பெண்கள் படமே எடுத்துக்கொள்ளக் கூடாது. தீர்ந்தது!"

அதுவரையில் பேசாமல் ரசம் பரிமாறிக்கொண்டிருந்த தம்பி மனைவி கரண்டியை வைத்துவிட்டாள். "அது என்ன அண்ணி நியாயம்? திருடன் இருக்கிறான் என்று நாம் நகை போட்டுக்கொள்ளாமலா இருக்கிறோம்? அந்தப் பெண் வீட்டிலும் இதைத்தானே செய்தார்கள்? கேட்காமல் போட்டவனை விட்டுவிட்டு அவளை மடக்கினார்கள். வெட்கப்பட வேண்டியவன் எவனோ, அவனை வெட்கப்படச் சொல்லுங்கள்!"

தம்பி தலையாட்டினான். "சட்டமும் இப்போது அந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படமெடுத்தாலோ பரப்பினாலோ, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை. பாரதிய நியாய சம்ஹிதையின் 77-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பெண் தன் அந்தரங்கமான படத்தை எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம். படம் எடுக்கச் சம்மதித்தது வேறு, பரப்பச் சம்மதித்தது வேறு!"

புகார் செய்ய வழியும் சொன்னான். மத்திய சர்க்காரின் ஸைபர் குற்றப் புகார்த் தளம் இருக்கிறது. 1930 என்ற டெலிபோன் எண்ணும் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் சம்பந்தமான ஆபாசப் படம் என்றால் அந்தத் தளத்தில் தன் பெயரைச் சொல்லாமலே புகார் கொடுக்கலாம். அழித்துவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில் அத்தாட்சியை அழித்துவிடக் கூடாது. முதலில் அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் சொன்னான். செல்போனில் எடுக்கிற படம், எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் தனக்குள்ளே ரகசியமாக எழுதிவைத்துக்கொள்ளுமாம்! குழந்தையின் படத்தை அப்படியே எங்கேயாவது போட்டால், வீட்டு விலாசத்தையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடலாம். காமிராவின் அமைப்பில் அதை நிறுத்திவைக்க முடியும். எங்கள் பெண் சாப்பாட்டுக் கையைக் கழுவாமலே இடது கையால் நிறுத்திவைத்தாள்.

ஆயிரம் வருஷத்துக் கையெழுத்து

மறுநாள் காலையில் கீழக்குயில்குடிக்குப் போனோம். மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், சமணர் மலை அடிவாரத்திலுள்ள கிராமம். இறங்கியதும் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மதுரைச் சந்தடியிலிருந்து இவ்வளவு சமீபத்தில் இவ்வளவு அமைதியா என்று ஆச்சரியமாக இருக்கும்.

மலையில் வெட்டியிருக்கும் படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் என்ற இடம். பாறையிலே வரிசையாகத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் சாசனம். இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று, அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது.

எனக்குச் சட்டென்று தம்பி சொன்ன சட்டம் நினைவுக்கு வந்தது. உளி பிடித்தவன் பெயர் இல்லை, பொருள் கொடுத்துச் செய்வித்தவர் பெயர் இருக்கிறது! ஒரு தாயாரின் பெயர் ஆயிரம் வருஷத்துக்கு மேலாகப் பாறையில் நிற்கிறது. அவர் விரும்பி, அவர் சொல்லி வைத்த பெயர். புதுமண்டபத்து ராணிக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

தண்டட்டிப் பாட்டி

மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பாட்டி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதிலே தண்டட்டி! காது வளர்த்துத் தண்டட்டி போட்ட பாட்டிகள் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் அருகிக்கொண்டே வருகிறார்கள். வெள்ளை வெளேரென்ற தலை, சுருக்கம் விழுந்த கன்னம், நைந்த கண்டாங்கிச் சேலை. எங்கள் பெண்ணின் கை தானாகச் செல்போனைத் தூக்கிவிட்டது. பாதியில் நின்று, பிறகு தாழ்ந்தது.

"பாட்டி, உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?"

பாட்டி நிமிர்ந்து பார்த்தாள். "கேக்கவா செய்யிற? அதிசயமா இருக்கேத்தா!" என்று சிரித்தாள். "இதுக்கு முன்ன எத்தனையோ பேரு புடிச்சுட்டுப் போயிட்டாக. 'நல்லாச் சிரி ஆத்தா'ன்னாக. நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு எந்த ஊருல கெடக்கோ, யாரு கண்டா? எல்லாரும் இந்தக் காதத்தேன் புடிக்கிறாக. என்னைய யாரு புடிச்சா?"

அந்தச் சொல்லுக்கு நாங்கள் மூன்று பேரும் என்ன பதில் சொல்லுவோம்?

"இரு, வந்துர்றேன்" என்று பாட்டி உள்ளே போய்விட்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தவள் வேறு பாட்டி! மாம்பழக் கலரில் புதுச் சேலை, வாரி முடிந்த தலை, நெற்றி நிறையத் திருநீறு. கையிலே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. திண்ணையில் உட்கார மாட்டேன் என்று, நாற்காலியை வாசலில் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பேத்தியின் முதுகில் புத்தக மூட்டை. "இப்பப் புடி!"

என் நாத்தனார் என் காதில், "கீரை ஆய்கிற மாதிரி இருந்ததே, அதுதான் படம்!" என்று முணுமுணுத்தார். கண்காட்சிக்குப் போகிற படம் அதுதான். சந்தேகமில்லை. ஆனால் அது நாம் பார்க்க ஆசைப்பட்ட பாட்டி; இது தன்னை இப்படிப் பார்க்க வேண்டும் என்று பாட்டியே ஆசைப்பட்ட பாட்டி. கேட்காமல் எடுத்திருந்தால் இந்த இரண்டாவது பாட்டி இருப்பதே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

படத்தைக் காட்டியதும் பாட்டி வெகு நேரம் பார்த்தாள். பேத்தியின் தலையைக் கோதிவிட்டாள்.

"பாட்டி, இதை இன்டர்நெட்டிலே போடலாமா?" என்று கேட்டாள் எங்கள் பெண்.

"அதுல யாரு யாரு பாப்பாக?"

"யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பாட்டி."

பாட்டி ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்ப வேணாந்த்தா. பொம்பளப் புள்ள கூட நிக்கிது. எனக்கு ஒண்ணு கழுவிக் குடு. துபாயில எம் பேரன் இருக்கான், அவனுக்கு ஒண்ணு அனுப்பு. அம்புட்டுப் போதும்."

மதுரைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் பெரிய அளவில் பிரதி போட்டு, சட்டமும் மாட்டி, வக்கீல் தம்பி மூலம் கீழக்குயில்குடிக்கு அனுப்பிவைத்தோம். பேரனுக்கு அன்று இரவே வாட்ஸப்பில் போய்ச் சேர்ந்துவிட்டது.

நேயர்கள் இந்தப் பக்கத்தில் பாட்டியின் போட்டோவைத் தேட வேண்டாம். அது அவள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.